சந்தியாகப்பருக்கு நேர்ந்துவிட்ட ஏ.டி.எம்.

எந்திரம் எப்படி ஐயா நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் எங்கள் புன்னைத்துறையில் யாரும் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. எமரென்சியா அதை நேர்ந்துவிட்டாள், அது நடந்தது, நேர்ந்துவிட்ட பிறகும் சுவருக்குள்ளேயே நின்றிருந்தால்தான் நாங்கள் கூடிப் பேசியிருப்போம். எங்கள் சண்டை வேறு. அடுத்தவன் பொருளை ஒருத்தி நேர்ந்துவிடலாமா, விட்டால் அது புனிதருக்குப் போய்ச் சேருமா, சேர்ந்தால் பாவம் யார் தலையில் என்று பேசிப் பேசி ஊர் இரண்டாகி, மேலத் தெருவும் கீழத் தெருவும் போன கிறிஸ்துமஸுக்குக்கூடப் பலகாரம் மாற்றிக்கொள்ளவில்லை. நான் கீழத் தெரு, எமரென்சியா கட்சி. அதையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எமரென்சியா கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து டவுனில் விற்கிறவள். பேரம் பேசாமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை, ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் ஒன்று கொசுறு கேட்பாள், பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் பாவப் பரிகாரமாகப் பத்து மந்திரம் சொல்லச் சொன்னால் ஏழுக்கு இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். புருஷன் போன பிறகு மெல்வின் என்ற ஒரே மகனை வளர்த்து, லிண்டல் மட்டம் வரை சுவர் எழுப்பி, கூரைக்குக் காசு சேரட்டும் என்று நிறுத்திவைத்து, அந்தச் சுவர்களுக்கு நடுவே ஓலைக் கீற்றைப் போட்டுக்கொண்டு குடியிருந்தாள். மெல்வின் வளைகுடாப் பக்கம் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனான். ஒருநாள் படகு எல்லை தாண்டிவிட்டது என்று எந்த நாட்டுக்காரனோ பிடித்துக்கொண்டு போய், பேர் தெரியாத ஊரில், பாஷை தெரியாத சிறையில் அடைத்துவிட்டான். அபராதம் கட்டினால் விடுவார்களாம், யாரிடம் கட்டுவது, எங்கே கட்டுவது, ஒன்றும் தெரியவில்லை. எமரென்சியா நேரே கோயிலுக்குப் போய், வெள்ளைக் குதிரைமேல் வாளோடு இருக்கும் எங்கள் பாதுகாவலர் சந்தியாகப்பர் முன்னால் முழங்காலில் நின்று, "ஐயா, எம் புள்ள வீடு வந்து சேரட்டும், கூரைக்குன்னு வச்சிருக்க காசு பூராவும் உம்ம சொந்தக் கோயில்லயே கொண்டாந்து கொட்டுதேன், நடந்தே வாறேன்" என்றாள். பேரமில்லாமல் அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கு அது என்பதால் புனிதரே ஆடிப்போயிருக்க வேண்டும். அந்த மாதமே யாரோ ஒரு புண்ணியவான், யாரென்று இன்றுவரை தெரியாது, அந்தச் சிறை வாசலில் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போக, மெல்வின் தாடியோடு ஊர் வந்து சேர்ந்தான்.

சொந்தக் கோயில் என்றால் ஸ்பெயின் தேசத்தின் மேற்கு மூலை. சந்தியாகப்பர் அடங்கியிருக்கும் பெரிய கோயில் அங்கேதான் இருக்கிறது, உலகத்துச் சனங்கள் எல்லாம் மலையும் வயலும் கடந்து வாரக்கணக்கில் அதற்கு நடந்து போகிறார்கள் என்று எங்கள் உபதேசியார் தொபியாஸ் சொன்னார். உபதேசியார் என்றால் கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பவர், சாமியார் ஊரில் இல்லாத நாட்களில் சாமியாருக்கும் மேலே. அவரும் கிளம்பினார். எமரென்சியாவின் கொழுந்தன் கஸ்பார் மச்சாது, கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவன், அவன் கிளம்பினான். அவனைத் தனியே விட மனசில்லாமல் அவன் பெண்டாட்டி ரெஜினாளும் கிளம்பினாள். ஆக நாலு பேர்.

மெல்வின் நாலு பேரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினான். "எம்மா, காசையும் கார்டையும் ஒரே எடத்துல வைக்காதீங்க. ஒரு கார்டு இடுப்புல, இன்னொண்ணு பையில. ரெண்டு நாளைக்கு வேண்டியது மட்டும் கையில இருக்கட்டும். சின்ன ஊர்ல எந்திரம் இருக்காது, பெரிய ஊர்லயே எடுத்துக்கிடுங்க. ஒங்க நாட்டுக் காசுல கழிக்கட்டான்னு எந்திரம் கேட்டா, வேண்டாம்னு அமுக்குங்க. பின் நம்பர மறந்துராதீங்க, யார்ட்டயும் சொல்லாதீங்க." எல்லாரும் தலையாட்டினார்கள், எல்லாரும் அவரவர் புத்திக்குத் தகுந்தபடி கடைப்பிடித்தார்கள். கஸ்பார் தன் யூரோ நோட்டுகளைக் கழுத்தில் போடும் உத்தரியத்துக்குள் வைத்துத் தைத்தான், மூன்றாம் மலை ஏறுவதற்குள் அவை வியர்வையில் ஊறிக் களியாகிவிட்டன. ரெஜினாள் கொண்டைக்குள் சுருட்டி வைத்தாள், ஒரு காலையில் தலை வாரும்போது அது விரிந்து, ஜன்னல் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. உபதேசியார் சப்பாத்துக்குள் வைத்து நடந்து, தங்குமிடத்தில் சப்பாத்தைக் கழற்றியபோது வந்த வாடையைப் பார்த்து அந்த நோட்டை வாங்க எந்தக் கடைக்காரனும் கை நீட்டவில்லை. மிஞ்சியது எமரென்சியாவின் கார்டு ஒன்றுதான், அதற்குள் கூரைக் காசு மொத்தமும். இரண்டாவது கார்டு எதற்கு, அதற்கும் வருஷக் கட்டணம் கேட்பான் என்று அவள் வாங்கவே இல்லை. பின் நம்பரை மறந்துவிடக்கூடாதே என்று தினமும் செபமாலைக்கு நடுவில் அதையும் ஒரு புனிதர் பெயர்போலச் சேர்த்துச் சொன்னாள், பின்னால் வந்த மூவரும் அதற்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னார்கள்.

நடக்க நடக்க அவளுக்குப் பழைய புத்தி திரும்பியது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை, நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் முதல் நாளே ஆரம்பித்திருப்போம். காலையில் எல்லாரும் முன்னால் போக, பின்தங்கி நடந்து, கோதுமை வயல்களுக்கு நடுவே தனியே முணுமுணுப்பாள். "பூராவும்னு சொன்னேன், இல்லங்கல. ஆனா ஐயா, டிக்கெட்டுக் காசு கழிக்கணுமா வேண்டாமா? காலு வீங்கிக் கெடக்கே, அதுக்கு ஒண்ணும் கெடையாதா? உமக்கு இங்கன தங்கத்துல கோயில் இருக்கு, எனக்கு ஓலைதான். பாதி. அதுக்கு மேல கட்டுபடியாகாது." புனிதர் பதில் பேசவில்லை. பேசாத வியாபாரி இறங்கி வருகிறான் என்பது எமரென்சியாவின் அனுபவம், ஆகவே பாதி முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் கால் பங்குக்கு இறக்க ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் அது நடந்தது.

பேரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு சின்ன ஊர். உச்சி வெயிலில் கடைகள், கதவுகள், நாய்கள் எல்லாம் சாத்திக் கிடக்க, ஒரு வங்கிச் சுவரில் மட்டும் எந்திரம் ஒன்று நீல வெளிச்சத்தோடு விழித்திருந்தது. ரொட்டிக்கும் பாலுக்கும் கொஞ்சம் எடுக்கலாம் என்று எமரென்சியா கார்டைச் செருகி, புனிதர்போல நம்பரை ஒருமுறை சொல்லிக்கொண்டு அமுக்கினாள். எந்திரம் ஒரு இழுப்பு இழுத்து, கார்டை விழுங்கி, திரையில் ஏதோ இரண்டு வரி ஸ்பானிஷில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. அவள் எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள், தட்டினாள், கெஞ்சினாள், அடித்தாள். கூரை, சன்னல், அடுப்படி எல்லாம் அந்த ஒரு கீறலுக்குள் போய்விட்டதைக் கண் எதிரே பார்த்த பதற்றத்தில், எங்கள் ஊரில் ஆடு வயிறு ஊதி நுரை தள்ளிக் கிடக்கும்போது எந்தப் பொம்பளையும் கத்துகிற கத்தலை அவளும் கத்திவிட்டாள். "ஐயா சந்தியாகப்பரே, இத உமக்கு நேர்ந்து விட்டுட்டேன், காப்பாத்தும்!"

இதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியும். அப்படிச் சொன்ன நிமிஷத்திலிருந்து ஆடு புனிதருக்குச் சொந்தம். அதன் காதில் ஒரு வெட்டு வெட்டி விட்டுவிடுவார்கள். யாரும் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, அதனிடமிருந்து ஒரு சொட்டுப் பால்கூட எடுக்கக்கூடாது. அது பாட்டுக்கு ஊரெல்லாம் மேய்ந்துகொண்டு புனிதரின் நாளுக்குக் காத்திருக்கும்.

உபதேசியார் தலையில் கை வைத்தார். "அட பாவி எமரென்சியா, என்ன காரியம் பண்ணுத! அது பேங்குக்காரன் சொத்துல்லா!"

"வாய் தவறிச் சொல்லிட்டேன் உபதேசியாரே, இப்ப என்ன செய்ய?"

"சொன்னது சொன்னதுதான். திருப்பி எடுக்க முடியாது" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது. எந்திரம் ஒரு தோளை முதலில் வெளியே எடுத்து, பிறகு மறு தோளை எடுத்து, சிமெண்டில் புதைந்திருந்த நாலு குட்டை இரும்புக் கால்களை ஒவ்வொன்றாக உருவி, நடைபாதைக்கு இறங்கி, மேலே கிடந்த தூசியை உதறிக்கொண்டு, அறுந்த ஒயர் கயிறுபோலத் தரையில் இழுபட, நேரே வந்து எமரென்சியாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. கஸ்பார் அதைச் சுற்றி வந்து பார்த்தான். "மைனி, இதுக்குக் காது எங்கன இருக்குன்னு தெரியலயே" என்று யோசித்துவிட்டு, நகவெட்டியால் வலது மேல் மூலையில் ஒரு சின்னச் சிலுவையைக் கீறினான். ரெஜினாள் வெயிலுக்குத் தன் துண்டை அதன் தலையில் போட்டுவிட்டாள். பிறகு ஐந்து பேராக நடந்தார்கள்.

அடுத்த ஊரில் தங்குமிடம் நடத்தியவள் ரெமெதியோஸ் என்ற தாட்டியான பெண்மணி. கஸ்பாரின் பாஸ்போர்ட்டில் மச்சாது என்ற பெயரைப் பார்த்துத் தன் தாய்வழிச் சொந்தம் என்று முடிவு கட்டி அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். எங்கள் கடற்கரை முழுக்க அந்த மாதிரிப் பெயர்கள்தான், அந்தக் காலத்துப் போர்த்துகீசியச் சாமியார்கள் வைத்துவிட்டுப் போனது, அதை அவளுக்கு விளக்க யாருக்கும் பாஷை இல்லை. எந்திரத்தைப் பார்த்தவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், ரெஜினாளின் போன் அதைத் தமிழில் சொன்னது: இது நடந்து வந்ததா, வண்டியில் வந்ததா? நடந்து வந்தது என்றார்கள். அப்படியானால் பயணி என்று சொல்லி, நடைப்பயணிகளுக்குக் கொடுக்கும் அட்டை ஒன்றை எடுத்து முத்திரை குத்தி அதன் கீறலில் செருகி, பயணிகள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் சிப்பி ஒன்றையும் சிவப்புக் கயிற்றில் கட்டி அதற்கு மாட்டிவிட்டாள். மேல் கட்டில் மட்டும் கிடையாது, கீழ்க் கட்டில்தான், கட்டில் கம்பி வளைந்துவிடும் என்றாள். ஒரு ஜெர்மன்காரர் மட்டும் சண்டைக்கு வந்தார், அதுவும் வேறு ஒன்றுக்கும் இல்லை, அறையில் இருந்த ஒரே பிளக்கில் இவர் போனுக்குச் சார்ஜ் போடுவதா அது தன் ஒயரைச் செருகிக்கொள்வதா என்றுதான்.

மறுநாள் லாரியோடும் ஒரு போலீஸ்காரரோடும் வங்கியின் ஆள் வந்து சேர்ந்தார். பேர் எலாதியோ. மெலிந்த மனிதர், டை கட்டியவர், அந்த எந்திரத்துக்குப் பொறுப்பு அவர்தான். போலீஸ்காரர் எந்திரத்தின் அட்டையை வாங்கிப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், சிப்பியைப் பார்த்தார், இந்தப் பாதையில் நடக்கிற பயணியைத் தடுத்து நிறுத்த எங்களுக்கு வழக்கமில்லை என்று சொல்லி அதற்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு லாரியிலேயே திரும்பிப் போனார். எலாதியோ சாவியை எடுத்து அதன் பின்பக்கத்தைத் திறக்கப் போனார், எந்திரம் வெட்கப்பட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டது. மேலிடத்துக்குப் போன் போட்டார். அது எங்கே போய் நடையை முடிக்கிறதோ அங்கிருந்து அதை அழைத்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் நீயும் வராதே என்று பதில் வந்தது. ஆகவே எலாதியோவும் டையோடும் தோல் சப்பாத்தோடும் பின்னாலேயே நடந்தார். முதலில் இருபது அடி தள்ளி முறைத்துக்கொண்டு நடந்தவர், கொப்புளம் வந்ததும் பத்து அடிக்கு வந்தார், ரெஜினாள் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டதும் பக்கத்திலேயே வந்துவிட்டார். அவருக்கும் இவர்களுக்கும் பொதுவாக இருந்தவை, அந்தப் போர்த்துகீசியச் சாமியார்கள் எங்கள் பாஷையில் விட்டுப்போன மேசை, சப்பாத்து என்ற இரண்டு வார்த்தைகள்தான். அவற்றை வைத்துக்கொண்டே மணிக்கணக்கில் பேசினார்கள், மிச்சத்தைப் போன் பார்த்துக்கொண்டது.

பாதையோர ஊர்களில் செய்தி முன்னாலேயே போய்விட்டது. கிழவிகள் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்து எந்திரத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள். முட்டி வலிக்காரர்கள் முட்டியை அதில் உரசிக்கொண்டார்கள். ஒரு ஊரில் மேயர் நேரில் வந்து, எங்கள் ஊர் வங்கிக் கிளையை மூடி வெகு காலமாகிறது, உங்கள் எந்திரம் இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். எந்திரத்தின் ஆட்கள் என்று சொல்லி நாலு பேருக்கும் எலாதியோவுக்கும் சூப்பும் ரொட்டியும் கிடைத்தன. கிடைக்காத நாட்களும் இருந்தன, நீண்ட மேட்டு நிலங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் ஊரே இல்லாத நாட்கள்.

அந்த நாட்களில்தான் எந்திரம் அவர்களைச் சோதித்தது. அல்லது இரக்கப்பட்டது, மேலத் தெருவும் கீழத் தெருவும் இதிலும் ஒத்துப்போகவில்லை. பசியோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் அது எமரென்சியாவின் முன்னால் வந்து நின்று, உள்ளே நோட்டு எண்ணுகிற அந்தச் சத்தத்தைக் கிளப்பி, திரையில் அவள் பெயரையும் அவள் கணக்கில் இருப்பதையும் காட்டி, கீறல் வழியே நாக்கு நீட்டுவதுபோல நோட்டுகளை நீட்டும்.

"எடுத்திராத!" என்பார் உபதேசியார்.

"எங்காசு உபதேசியாரே, எம்பேரு போட்டிருக்கு பாருங்க."

"பேரு ஒன்னோடதா இருக்கலாம், ஆடு யாருது? நேர்ந்துவிட்டதுல பால் கறப்பியா?"

"கறக்கல. அதுவாத் தருது."

"அதுவாத் தந்தாலும் குடிக்கப்படாது."

எமரென்சியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எந்திரம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நோட்டுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவள் அன்று இரவெல்லாம் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைத் திட்டினாள், காலையில் அதன் கால்களுக்கு எண்ணெய் போட்டாள். கால்கள் தேய்ந்துகொண்டே வந்தன. மேட்டில் ஏறும்போது அது விடுகிற மூச்சைக் கேட்க அவளுக்கே பொறுக்கவில்லை. "யக்கா, பாவமா இருக்கு" என்று ரெஜினாள் சொன்னபோது, "பாவம் என்ன பாவம், எம் வீட்ட வயித்துல வச்சிக்கிட்டு நடக்குல்லா, கனக்கத்தான் செய்யும்" என்றாள். ஆனால் அடுத்த மேட்டில் பின்னால் போய்த் தள்ளிவிட்டாள்.

அது எங்கே போய் முடியும் என்பதை எலாதியோவுக்குச் சொல்லத்தான் எல்லாருக்கும் தயக்கமாக இருந்தது. கடைசியில் உபதேசியார் போனை வாங்கி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நேர்ந்துவிட்ட ஆட்டைப் புனிதரின் வாசலுக்குக் கொண்டுபோய் ஏலம் விட வேண்டும், ஏலக் காசு புனிதருக்கு, ஆடு எடுத்தவருக்கு. ஏலம் முடிந்தால் அது நேர்ச்சை ஆடு இல்லை, சும்மா ஆடு. வழக்கமாக நேர்ந்துவிட்டவர்களே கூட்டிக் கேட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எலாதியோ கேட்டுவிட்டு டையைத் தளர்த்திக்கொண்டார். எங்கள் எந்திரத்தை நாங்களே விலைக்கு வாங்க வேண்டுமா என்றார். ஆமாம் என்றார் உபதேசியார்.

பெரிய கோயிலின் முன்னால் கல் பாவிய மைதானத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். எங்கெங்கோ இருந்து நடந்து வந்தவர்கள் முதுகுப் பையைத் தலைக்கு வைத்துக் கல்லிலேயே மல்லாந்து கிடந்தார்கள். எமரென்சியா கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு அழுதாள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பாதிதான் என்று இன்னொரு முறை வாய்க்குள் சொன்னாள். கஸ்பார் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றான். "ஏலம், ஏலம், சந்தியாகப்பர் ஏலம்! நடந்து வந்த உருப்படி, நோய் நொடி கெடையாது, கூட்டிக் கேளு, கூட்டிக் கேளு!" என்று எங்கள் கடற்கரையில் கூறுகிற அதே ராகத்தில் கூற ஆரம்பித்தான். அவன் தமிழில் கூறினான், கேட்டவர்கள் வேறு வேறு பாஷைக்காரர்கள், ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை. விலை கூறுகிற குரல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

எலாதியோ தன் சொந்தக் காசில் கேட்டார், பாவம், பையில் இருந்ததெல்லாம் கேட்டார். கஸ்பார் அதை வாங்கி ராகம் போட்டான். கூட்டத்தில் பழைய இரும்பு வாங்குகிற ஒருவன் இருந்தான், தொப்பை தெரியப் பனியன் போட்டவன். எந்திரத்தைத் தட்டிப் பார்த்து, தேய்ந்த காலைத் தூக்கிப் பார்த்து, எலாதியோவுக்கு மேல் கேட்டான். இதை என்ன செய்வாய் என்று ரெஜினாள் போனில் கேட்க, உடைப்பேன் என்றது போன். எமரென்சியா மேலே கேட்க வாயைத் திறந்தாள். எதை வைத்துக் கேட்பது? கையில் ஒரு சல்லி இல்லை, இருந்ததெல்லாம் ஏலத்துக்கு நின்ற உருப்படியின் வயிற்றுக்குள்.

"ஒருதரம்" என்றான் கஸ்பார்.

அப்போது எந்திரம் நோட்டு எண்ணியது.

எந்திரம் கீறல் வழியாக ஒரு கட்டு நோட்டை நீட்டியது, இரும்புக்காரன் கேட்டதற்குச் சரியாக ஒரு படி மேலே. திரையில் எமரென்சியாவின் பெயர், பெயருக்குக் கீழே அவள் இருப்பு, அது அந்தக் கட்டின் அளவுக்குக் குறைந்தது. கஸ்பார் தொழில் தெரிந்தவன், கேட்கிறவன் முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. கட்டை வாங்கி உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு அந்த விலையையும் ராகத்தில் சேர்த்தான். இரும்புக்காரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மேலே கேட்டான். எந்திரம் மேலே கேட்டது. அவன் கேட்டான், அது கேட்டது, அவன் கேட்டான், அது கேட்டது, ஒவ்வொரு கட்டும் வெளியே வர வர எமரென்சியா தன் வீடு போவதைப் பார்த்தாள், சன்னல் போயிற்று, கதவு போயிற்று, அடுப்படி மேடை போயிற்று, மெல்வின் கல்யாணத்துக்கு என்று நினைத்து வைத்திருந்த உள்ளறை போயிற்று, மழைக்கு ஒழுகாத ஒரு மூலையாவது மிஞ்சும் என்று பார்த்தால் அந்த மூலையும் அசைய ஆரம்பித்தது.

பாதி வந்ததும் கஸ்பார் நிறுத்தினான். அவனுக்குப் பாதி விஷயம் தெரியும், அந்த வயல்களுக்கு நடுவே அவள் முணுமுணுத்தது எல்லாருக்குமே கேட்டிருந்தது. பெட்டியிலிருந்து குனிந்து சொன்னான்.

"மைனி, நேர்ந்துவிட்டவிய நீங்க. நிறுத்தணும்னா இப்பவே சொல்லுங்க. இரும்புக்காரனுக்கு முடிச்சிருதேன். வெளிய வந்தது ஐயாவுக்கு, வயித்துல மிச்சம் கெடக்கது ஒங்களுக்குத் திரும்பிரும், கூரைக்குப் பாதி ஆச்சி. கேட்ட மாதிரியே பாதி."

எலாதியோவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாரும் எமரென்சியாவைப் பார்ப்பதைப் பார்த்து அவரும் பார்த்தார். எமரென்சியா எந்திரத்தைப் பார்த்தாள். அது கால் தேய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, தலையில் ரெஜினாளின் துண்டோடு, பாஷை தெரியாத கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. தனக்காகத் தானே விலை கேட்டுக்கொண்டு நின்றது, அதற்கென்று கேட்க வேறு யாரும் இல்லை.

எங்கள் எமரென்சியா அப்போது என்ன நினைத்தாள் என்பதை அவளே பிறகு கடற்கரையில் கூடை இறக்கும்போது சொன்னாள், நான் சேர்த்துச் சொல்லவில்லை. "எம் புள்ளையும் இப்பிடித்தான் எவன் வாசல்லயோ நின்னிருப்பான். எவனோ ஒருத்தன் பாதியோட நிறுத்தியிருந்தா?"

"கூறு கஸ்பாரு" என்றாள். "நிறுத்தாத. முழுசும் கூறு."

கஸ்பார் கூறினான். இரும்புக்காரன் இன்னும் இரண்டு முறை கேட்டான், மூன்றாவது முறை பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, இதற்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று கையால் சாடை காட்டிவிட்டுப் போய்விட்டான். எந்திரம் நிறுத்தவில்லை. எதிராளி இல்லாமலே தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டு போய், கடைசி நோட்டையும் நீட்டி, திரையில் எமரென்சியாவின் பெயருக்குக் கீழே சைபர் வந்த பிறகுதான் ஓய்ந்தது. "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! உருப்படி உருப்படிக்கே!" என்றான் கஸ்பார். படுத்துக் கிடந்த பயணிகள் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். உபதேசியார் நோட்டுக் கட்டுகளைத் துண்டில் கட்டிக்கொண்டு, ஒரு பொட்டுத் தாமதமும் இல்லாமல் உள்ளே போய் உண்டியலில் கொட்டிவிட்டு வந்தார். எமரென்சியாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவள் ஒரு கட்டாவது திரும்பக் கேட்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

இனி அது சும்மா எந்திரம், எடுக்கலாம், குற்றமில்லை என்று உபதேசியார் சொன்னதும் எமரென்சியா அதன் முன்னால் போய் நின்றாள். அது கார்டைத் துப்பியது, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. ரொட்டிக்கு மட்டும் கொஞ்சம் கொடு என்று கார்டைத் திரும்பச் செருகி அமுக்கினாள். போதிய இருப்பு இல்லை என்று ரெஜினாளின் போன் படித்துச் சொன்னது. "வெளங்குவியா நீ" என்று சொல்லி எமரென்சியா அதன் தலையில் ஒரு குட்டு வைத்தாள், பிறகு அந்தத் துண்டைச் சரிசெய்துவிட்டாள். அன்றைக்கு எல்லாருக்கும் ரொட்டி வாங்கித் தந்தது எலாதியோதான், ஏலத்தில் தோற்றதால் அவர் காசு அவரிடமே இருந்தது. எந்திரம் மறுநாள் அவரோடு பஸ் ஏறிப் போய்த் தன் சுவரில் தானே நுழைந்துகொண்டது. இப்போது அது யாருடைய சொத்தும் இல்லை என்பதால் வங்கி அதற்குச் சம்பளம் கொடுக்கிறதாகவும், மதிய வெயிலில் அதுவும் மற்றவர்களைப்போல வேலை பார்ப்பதில்லை என்றும் எலாதியோ மெல்வினுக்கு வாட்ஸப்பில் சொன்னார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சாயங்காலமே எமரென்சியா கோயிலுக்குள் போனாள். பீடத்துக்குப் பின்னால் சின்னப் படிகளில் ஏறி, நடந்து வந்தவர்கள் எல்லாரும் சந்தியாகப்பர் சிலையைப் பின்னாலிருந்து ஒருமுறை கட்டிப்பிடித்துவிட்டு அந்தப் பக்கமாக இறங்குவது அங்கே வழக்கம். நீண்ட வரிசை நின்றது. அவள் முறை வந்ததும் ஏறினாள், இரண்டு கைகளாலும் அவரைக் கட்டிப்பிடித்தாள், கன்னத்தை அந்தத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். வரிசை காத்திருந்தது. பிறகு மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவர் காதோரம் எம்பி, மெதுவாகச் சொன்னாள்.

"சரி ஐயா. சொன்னபடி முழுசும் தந்தாச்சு, கணக்கு தீந்துச்சு. இப்ப கூரையப் பத்திப் பேசுவோம்."

பின்னால் நின்ற, பிளக்குக்குச் சண்டை போட்ட அந்த ஜெர்மன்காரர் இருமினார். எமரென்சியா திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு கையால் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மறு கையால் புனிதரின் தோளை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் விலையைச் சொன்னாள்.